கோயிலுக்கு எந்த வேலி? செங்கல், இரும்பு, கம்பிவலை, கான்கிரீட் பாலிசேடு

2022 ஏப்ரல் 11 இரவு பெய்த மழையில் எங்கள் கோயிலின் பின்பக்கச் சுவர் விழுந்தது. தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, வெருலம் ஊரைத் தாண்டி, கரும்புத் தோட்டத்துக்கும் ஓடைக்கும் நடுவில் இருக்கிற சின்னக் கோயில். நல்ல செங்கல் சுவர்தான். 1970களில் எங்கள் தாத்தாமார் சனிக்கிழமை தோறும் கூடித் தாங்களே கல் சுமந்து கட்டியது. ஆனால் அடியில் தண்ணீர் போக வழி விடவில்லை. மேட்டிலிருந்து இறங்கிய வெள்ளம் சுவருக்குப் பின்னால் இடுப்பளவு தேங்கி, விடிவதற்குள் 30 மீட்டர் நீளத்துக்குச் சுவரைப் படுக்க வைத்துவிட்டது.

அந்த வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வீடு இழந்தவர்கள் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது சுவரைப் பற்றிப் பேசவே எங்களுக்கு வாய் வரவில்லை. ஆடிக் கஞ்சி ஊற்றி முடித்த பிறகுதான் கமிட்டி கூடியது. விலை விசாரித்து வரும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். மொத்தச் சுற்றளவு 210 மீட்டர். ஆறு மாதம் அலைந்து, ஐந்து வகை வேலிகளை நேரில் பார்த்து, கடைசியில் கான்கிரீட் பாலிசேடு, அதாவது இடுக்கு விட்டுப் பட்டைகளை வரிசையாக நிறுத்திய வேலி, போட்டோம். அதற்காகவே பேசப் போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செங்கல் சுவரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பார்வைக்கு அழகு, சாமி படம் எழுதலாம், ஒழுங்காகக் கட்டினால் மூன்று தலைமுறை நிற்கும். விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. அஸ்திவாரம், இரும்பு, கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து, கான்கிரீட் பாலிசேடுக்குக் கேட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏழு வாரம் ஆகும் என்றார்கள். அப்புறம், உள்ளே ஒருவன் குதித்துவிட்டால் வெளியே போகிறவர் கண்ணுக்குத் தெரியாது. சுவர் யாரை மறைக்கிறது என்று யோசித்தால், பாதி நேரம் திருடனைத்தான்.

விப்ராகிரீட் என்று இங்கே சொல்கிற பலகைச் சுவர் மலிவு, வேகம். பள்ளம் வெட்டிய தூண்களுக்கு நடுவே கான்கிரீட் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கிவிடுவார்கள். இறக்கிய மாதிரியே இரண்டு பேர் சேர்ந்து மேலே தூக்கி எடுத்துவிடலாம். அதோடு, அதுவும் தண்ணீரைத் தேக்கும். ஒருமுறை பட்டது போதும்.

இனி இரும்புக்கு வருகிறேன். முடிவு இங்கேதான் தீர்மானமானது.

எங்கள் முன்பக்கத்தில், சாலையைப் பார்த்த 60 மீட்டருக்கு 2014இல் போட்ட இரும்புப் பாலிசேடு இருந்தது. வெள்ளத்தில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் இடுக்குகள் வழியாகப் போய்விட்டது. அதையே சுற்றிலும் போட்டுவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை விளக்கேற்ற வந்த அக்கா போன் செய்தார். போய்ப் பார்த்தால் பதினோரு பட்டைகள் இல்லை. உடைக்கவில்லை, வளைக்கவில்லை. ஒவ்வொரு மரையாணியின் தலையையும் கிரைண்டர் வைத்துச் சுத்தமாக அறுத்திருந்தார்கள். குறுக்குச் சட்டத்தில் அறுத்த இடம் புது நாணயம் போலப் பளபளத்தது, கீழே புல்லில் இரும்புத்தூள். கோயிலுக்குள் யாரும் நுழையவில்லை. உண்டியல் அப்படியே இருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது வேலி மட்டும்தான்.

புதுப் பட்டை போட்டோம். ஐந்தாவது வாரம் இன்னும் பதினான்கு போனது.

அன்று எங்கள் பொருளாளர் மாமா சொன்ன ஒரு வார்த்தை என் அலைச்சலைப் பாதியாகக் குறைத்தது. "இரும்பை வாங்க ஆள் இருக்கான் தம்பி. கான்கிரீட்டை எவன் வாங்குவான்?"

நாம் வேலி வாங்கும்போது உயரம் பார்க்கிறோம், கனம் பார்க்கிறோம், ஏற முடியுமா என்று பார்க்கிறோம். அந்த வேலியைப் பிரித்தால் என்ன விலை கிடைக்கும் என்று பார்ப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் அதுதான் முதல் கேள்வி. பழைய பொருள் வாங்குகிறவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், விற்பவரின் அடையாளத்தைக் குறித்து வைக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2022 நவம்பர் 30 முதல் பழைய இரும்பு, செம்பு ஏற்றுமதிக்கே அரசு தடை போட்டது. ரயில் பாதையும் மின்கம்பியும் களவு போகிற நாட்டில் கோயில் வேலிக்கு யார் காவல்? எடைக்குப் போட்டால் காசு வரும் பொருளால் வேலி கட்டினால், அந்த வேலிக்கே இன்னொரு வேலி வேண்டும்.

இந்தக் கண்ணோடு பார்த்தபோது நாட்டின் எல்லைகளில் நடந்ததும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. 2020இல் கொரோனா வந்ததும், ஜிம்பாப்வே எல்லையில் பெய்ட்பிரிட்ஜ் சாவடியின் இருபுறமும் சேர்த்து 40 கிலோமீட்டருக்கு அவசரமாக வேலி போட்டார்கள். ஏறக்குறைய 3.7 கோடி ரேண்ட் செலவு. சில வாரங்களில் எழுப்பியது, பெரும்பகுதி முள்பட்டைக் கம்பிச் சுருள். வேலை முடியும் முன்பே அறுத்து வழி செய்துவிட்டார்கள். விசாரணை நடந்து, சிறப்புத் தீர்ப்பாயம் அந்த ஒப்பந்தங்களே செல்லாது என்று அறிவித்தது. வேகமாகக் கட்ட முடியுமா என்று கேட்டால், முடியும். ஹங்கேரி 2015இல் செர்பிய எல்லையில் 175 கிலோமீட்டர் வேலியை இரண்டு மாதத்தில் போட்டது. போலந்து 2022இல் பெலருஸ் எல்லையில் 186 கிலோமீட்டருக்கு ஐந்தரை மீட்டர் உயர இரும்புத் தடுப்பை ஆறே மாதத்தில் முடித்தது. ஆனால் அங்கெல்லாம் வேலிக்குப் பின்னால் சிப்பாய் நடக்கிறார், கேமரா பார்க்கிறது. அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் கான்கிரீட் நிரப்பிய இரும்புத் தூண்களையே கடையில் கிடைக்கும் மின்ரம்பத்தால் அறுத்தது 2019இல் செய்தியானது. அறுக்கக் கால் மணி நேரம் கிடைத்தால் எந்த இரும்பும் அறுபடும். பெய்ட்பிரிட்ஜில் அந்தக் கால் மணி நேரம் தாராளமாகக் கிடைத்தது. எங்கள் கோயிலிலும் அப்படித்தான்: இரவு எட்டு மணிக்கு நடை சாத்தினால் காலை ஐந்து வரை ஆள் இல்லை.

எங்கள் மாகாணத்தின் வட கோடியில், மொசாம்பிக் எல்லையில் மங்கூசி பக்கம் நடந்ததைப் பாருங்கள். டர்பனில் திருடு போகிற, மணலிலும் ஓடுகிற 4x4 கார்கள் அந்த மணல் பாதை வழியாகத்தான் எல்லை தாண்டின. அங்கே நெடுஞ்சாலை நடுவில் வைக்கிற ஜெர்சி பாரியர் எனும் கான்கிரீட் தடுப்புகளை வைக்க மாகாணப் போக்குவரத்துத் துறை முடிவு செய்தது. ஒப்பந்தத் தகராறுகளில் வேலை பல ஆண்டுகள் இழுத்தது, அது தனிக் கதை. ஆனால் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. தடுக்க வேண்டியது வண்டி. பட்டறையில் வார்த்து லாரியில் கொண்டுபோய் இறக்கி வைத்தால் போதும், அஸ்திவாரம் தோண்ட வேண்டாம், எடைக்கு வாங்கவும் ஆள் இல்லை.

சரி, கான்கிரீட் பாலிசேடு. இரும்புப் பாலிசேடின் அதே உருவம்தான்: தூண், இரண்டு குறுக்குச் சட்டம், மேலே கூர் வைத்த பட்டைகள். எல்லாம் உள்ளே கம்பி வைத்து வார்த்த கான்கிரீட். எங்களுடையது 2.1 மீட்டர் உயரம். ஒரு பட்டை முப்பது கிலோ பக்கம் வரும். நூல் பிடித்து, குழி தோண்டி, தூண் நிறுத்திக் கான்கிரீட் ஊற்றி, இரண்டு நாள் விட்டு மற்றதை மாட்டினார்கள். ஆறு பேர், பதினோரு நாள். முன்பக்கத்தில் மிச்சமிருந்த இரும்பை நாங்களே கழற்றி, ரசீது வாங்கி விற்று, அந்தக் காசையும் இதில் போட்டோம்.

பராமரிப்புதான் என்னைக் கவர்ந்தது. பெயிண்ட் வேண்டாம். துரு பார்க்க வேண்டாம். இரும்புக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பையன்களைக் கூட்டி, சுரண்டி, பிரைமர் அடித்துக்கொண்டிருந்தோம். கடல் இங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. பழுது பார்ப்பதும் எளிது. சென்ற ஆண்டு கரும்பு லாரி ஒன்று பின்னால் எடுக்கும்போது இடித்து மூன்று பட்டைகள் உடைந்தன. மடைப்பள்ளிக்குப் பின்னால் உபரியாக எட்டுப் பட்டை அடுக்கி வைத்திருந்தோம். இரண்டு பேர், ஒரு மணி நேரம், முடிந்தது. செங்கல் சுவராக இருந்தால் கொத்தனாரைத் தேடி ஒரு மாதம் போயிருக்கும்.

உடைக்க முடியாததா என்றால், முடியும். சம்மட்டியால் நாலு போடு போட்டால் பட்டை உடையும். ஆனால் அந்தச் சத்தத்துக்குத் தெருவே எழுந்துவிடும், நாய்கள் சும்மா இருக்காது. பட்டையை மாட்டும் மரையாணி மட்டும் இரும்பு. முடுக்கியதும் தலை முறிந்து, திரும்பக் கழற்றப் பிடி இல்லாமல் போகிற வகையைக் கேட்டு வாங்கினோம். அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை. அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டறைக்கு நேரில் போங்கள். நான் மூன்று இடங்களுக்குப் போனேன். ஓர் இடத்தில் மூலையில் கிடந்த உடைந்த பட்டை ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். கம்பி நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி, மேலே சுண்டுவிரல் நகக்கனம்கூடக் கான்கிரீட் இல்லை. உப்புக்காற்று அந்த மெல்லிய தோல் வழியாக உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். அந்த இடத்தில் விலை குறைவுதான், திரும்பி வந்துவிட்டேன். நாங்கள் வாங்கிய பட்டறையில் அதிர்வு மேசையில் அச்சை வைத்துக் காற்றுக் குமிழ் போக ஆட்டி, எடுத்த பிறகு ஈரச் சாக்குப் போர்த்தி வைத்திருந்தார்கள். அந்த ஈரச் சாக்கைப் பார்த்துத்தான் முன்பணம் கொடுத்தேன்.

கம்பிவலை பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 358 மெஷ் என்பது மூன்று அங்குலத்துக்கு அரை அங்குலக் கண், 8ஆம் கேஜ் (ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்) கம்பி. விரல் நுழையாது, கால் வைத்து ஏற முடியாது, சாதாரண வெட்டுக்குறடு உள்ளே போகாது. அப்பால் நடப்பது தெளிவாகத் தெரியும், தண்ணீரும் போகும். கையில் பணமும் இரவுக் காவலாளியும் இருந்தால் அதைத்தான் போடச் சொல்வேன். எங்களிடம் இரண்டும் இல்லை. கடலோரத்தில் வாங்குகிறவர்கள் துத்தநாக முலாம் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று எழுத்தில் கேளுங்கள். அலைச்சாரல் படும் இடங்களில் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை கரைந்துவிடும். 3 முதல் 6 மில்லிமீட்டர் கன இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் சராசரி 70 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்பது இங்குள்ள தர அளவு. வலையைப் பற்றவைத்த பிறகு முக்கியதா, முலாம் பூசிய கம்பியைப் பற்றவைத்ததா என்றும் கேளுங்கள். இரண்டாவது என்றால் பற்றவைத்த ஒவ்வொரு புள்ளியிலும் துரு முளைக்க வழி உண்டு. இந்த வலையோடு நான் வாழ்ந்ததில்லை. பக்கத்துப் பள்ளியில் ஐந்து ஆண்டாக நிற்பதைப் பார்த்துச் சொல்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, வெட்டிய ஓரங்களில் மட்டும் பழுப்புக் கோடு.

மின்வேலி தனி வேலியாக ஆகாது, மேலே சேர்க்கலாம். 2022, 2023 ஆண்டுகளில் மணிக்கணக்கில் கரண்ட் போனபோது எத்தனை வீட்டு மின்வேலி பேட்டரி இறங்கிச் செத்துக் கிடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறவெறி ஆட்சி மொசாம்பிக் எல்லையில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் பாய்ச்சிய வேலியை எழுப்பியது. எல்லை தாண்டி வந்தவர்கள் அதில் கருகினார்கள். அதை 'நெருப்புப் பாம்பு' என்றார்கள். இன்றைய வீட்டு மின்வேலி அப்படிக் கொல்லாது, தெரியும். இருந்தாலும் அம்மன் வாசலில் மின்வேலி எச்சரிக்கைப் பலகையை மாட்ட மனம் வரவில்லை.

எங்கள் அனுபவம் மூன்று ஆண்டுதான். பத்தாவது ஆண்டில், பதினைந்தாவது ஆண்டில் இந்தக் கான்கிரீட் உப்புக்காற்றுக்கு எப்படி நிற்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஓடைப் பக்கம் ஏழாவது தூணில், அடியிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு மயிரிழை விரிசல் இருக்கிறது. அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். அமாவாசைக்கு அமாவாசை போய்ப் பார்க்கிறேன். இந்த மாதம் வரை கோட்டைத் தாண்டவில்லை, துருக்கறையும் கசியவில்லை. தாண்டினால் அந்தத் தூணை மாற்ற ஒரு தூண் வாங்கி, பட்டைகளோடு சேர்த்து மடைப்பள்ளிக்குப் பின்னால் போட்டிருக்கிறோம்.