கிடாக்குட்டிக்கு எது நல்லது: தூளா, கட்டியா, டானிக்கா, ஊசியா?

பக்ரீத்தை மனதில் வைத்துச் செம்மறிக் கிடாக்குட்டி வாங்கி, மாதவரம், செங்குன்றம், பூந்தமல்லி பக்கம் கொட்டிலில் கட்டி வளர்க்கிறவர்கள் தீவனக் கடைக்குப் போனால், தாது உப்புத் தூள், நக்கும் கட்டி, டானிக் என்று வரிசையாக எடுத்து வைப்பார்கள். வைட்டமின் ஊசி போட்டால் உடம்பு ஏறும் என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கிற காசை எதில் போடுவது?

அதற்கு முன்னால் குட்டி என்ன தின்கிறது என்று பார்க்க வேண்டும். தவிடு, மக்காச்சோளம், புண்ணாக்கு எல்லாவற்றிலும் பாஸ்பரஸைவிட கால்சியம் குறைவு. தவிட்டில் இந்த வித்தியாசம் மிக அதிகம். மொத்தத் தீவனத்தில் கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு இருப்பது நல்லது. அது தலைகீழானால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். இளம் வயதில் காயடித்த குட்டிக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஆகவே கொட்டில் குட்டிக்கு முதல் தேவை கால்சியம்தான், வைட்டமின் அதற்குப் பிறகு.

என் ஓட்டு கால்சியம் உள்ள தாது உப்புத் தூளுக்கு. 100 கிலோ அடர்தீவனத்துக்கு (தவிடு, மக்காச்சோளம், புண்ணாக்குக் கலவை) 2 கிலோ தாது உப்பு, 1 கிலோ சாதா உப்பு என்று கலந்துவிட்டால், தின்னும் ஒவ்வொரு வாயிலும் சத்து சேர்ந்தே போகும். தூளை முதலில் கொஞ்சம் தவிட்டில் பிசறி, அப்புறம் மொத்தத்தில் கலக்க வேண்டும். இல்லையென்றால் அடியில் தங்கிவிடும்.

ஆனால் மாட்டுக்கான தூளை ஆட்டுக்குப் போடாதீர்கள். நம் ஊரில் மிகச் சாதாரணமாக நடக்கிற, மிக ஆபத்தான காரியம் இது. மாட்டுத் தூளில் தாமிரம் அதிகம். செம்மறியோ, தாமிரத்தைச் சரியாக வெளியேற்றத் தெரியாத பிராணி. அது ஈரலில் சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் மொத்தமாக ரத்தத்தில் இறங்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் சிவந்து கறுக்கும், நன்றாகத் தின்றுகொண்டிருந்த குட்டி ஓரிரு நாளில் செத்துப்போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தூளில் தாமிரம் 0.1 சதவீதம் இருந்து, அதை 2 சதவீதம் கலந்தால், கிலோ அடர்தீவனத்துக்கு 20 மில்லிகிராம். செம்மறி தாங்குவதோ மொத்தத் தீவனத்தில் கிலோவுக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்கவே கூடாது.

கட்டி தொங்கவிடச் சுலபம். குறை என்னவென்றால் வலுத்த குட்டி நிறைய நக்கும், இளைத்தது எட்டிக்கூடப் பார்க்காது. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் கரைந்து ஒழுகவும் செய்யும். உப்புக்காக வைக்கலாம், தப்பில்லை. உப்பு நக்கினால் தண்ணீர் கூடக் குடிக்கும், கல் அடைப்புக்கும் அது நல்லது. தூளுக்குப் பதிலாக மட்டும் நம்ப வேண்டாம்.

டானிக்கில் பெரும்பாலும் பி வைட்டமின்கள்தான். அசைபோடத் தொடங்கிய குட்டியின் வயிற்று நுண்ணுயிர்கள் அவற்றைத் தாமே தயாரித்துக்கொள்ளும். பி12க்குத் தேவையான கோபால்ட் தூளிலேயே இருக்கும். தானியத்தைத் திடீரென்று ஏற்றினால் பி1 குறைந்து, குட்டி கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டும். அதற்கு மருத்துவர்தான் உடனே பி1 ஊசி போட வேண்டும். புட்டி மருந்தை ஊற்றி நாளைக் கடத்தினால் குட்டி தங்காது.

ஏ, டி, இ ஊசி? டி வெயிலில் கிடைக்கிறது, சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. ஏ பச்சையில் கிடைக்கிறது: அகத்தி, வேலிமசால், சவுண்டல் எதுவானாலும் தினம் கொஞ்சம். அகத்தியில் கால்சியமும் சேர்ந்து வரும். வெறும் வைக்கோலும் தவிடுமாகப் பல மாதம் அடைத்து வைத்த குட்டிக்கு ஊசி பயன்படும். ஆனால் இவை உடம்பில் தங்குபவை என்பதால் மாதாமாதம் போடக் கூடாது. செலினியம் கலந்தது என்றால் இன்னும் கவனம் வேண்டும், அளவு கொஞ்சம் கூடினாலே விஷம்.

டானிக் காசில் அகத்திக் கட்டு வாங்கிப் போடலாம். தாது உப்புக் கலவையை மாதவரத்தில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே தயாரித்து விற்கிறது. அங்கேயும் செம்மறி ஆட்டுக்கு என்று சொல்லிக் கேளுங்கள். கிடா முக்கி முக்கி நின்றும் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றால், தூள், கட்டி எதையும் யோசிக்காமல் அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு வண்டி ஏற்றிவிடுங்கள்.