மே ஒண்ணாம் தேதி வாங்கின மியூகே தொட்டியை தரையில வச்சு வளர்த்த அனுபவம் (ரெயூனியன்)

மே ஒண்ணு வந்தா இங்க, இந்தியப் பெருங்கடல்ல இருக்கற நம்ம ரெயூனியன் தீவுல, சூப்பர்மார்க்கெட் வாசல்லேருந்து பூக்கடை வரைக்கும் மியூகே தான். இங்கிலீஷ்ல லில்லி ஆஃப் த வேலி, குட்டிக் குட்டியா வெள்ளை மணி வரிசையா தொங்குமே அதேதான். பிரான்ஸ்ல அன்னைக்கு ஒரு காம்பு கொடுத்தா அதிர்ஷ்டம்னு நம்பிக்கை, 1561ல ஒன்பதாம் சார்ல் ராஜா ஆரம்பிச்சு வச்சார்னு கதை சொல்லுவாங்க. நாமளும் பிரெஞ்சு மண்ணுல இருக்கோம்ல, அதனால பிரான்ஸ்ல நாந்த் ஊர் பக்கத்துலேருந்து பிளேன்ல ஏறி இங்க வந்து இறங்கிடுது. நம்மாளுங்க நிறைய பேர் வேரோட இருக்கற தொட்டியா வாங்கிட்டு, பூ வாடினதும் தோட்டத்துல வச்சா பிழைக்குமான்னு கேக்குறாங்க. சில வருஷமா வளர்க்குறேன், தெரிஞ்சதை சொல்றேன்.

முதல்ல நீங்க எந்த உயரத்துல இருக்கீங்கன்னு பாருங்க. சேன் பியேர், சேன் போல், சேன் தெனி மாதிரி கடலோரம்னா இதை மறந்துடுங்க, கொஞ்சம் மேல இருக்கற தாம்போன் டவுன்லயே கஷ்டம். எங்க வீடு மேட்டுப் பகுதியான ப்லென் தே காஃப்ர்ல, பூர் மூரா பக்கம், கிட்டத்தட்ட 1600 மீட்டர், ஜூலை ஆகஸ்ட்ல சில நாள் காலைல எழுந்து பார்த்தா புல்லு மேல வெள்ளையா உறைபனி இருக்கும், குழாயைத் தொட்டா கை மரத்துப் போகும். இந்த செடிக்கு அதுதான் வேணும். இலையெல்லாம் பழுத்து விழுந்து கிழங்கு மண்ணுக்குள்ள சில வாரம் நல்ல குளிர்ல தூங்கினாத்தான் அடுத்த தடவை பூ மொட்டு வரும். குளிர் கிடைக்கலன்னா இலை மட்டும் ஒல்லியா வரும், வருஷா வருஷம் சுருங்கி காணாமப் போயிடும். என் தங்கச்சி சேன் பியேர்ல வச்சது அப்படித்தான் போச்சு, இத்தனைக்கும் அது நல்லா நிழல்ல, தினம் தண்ணி ஊத்தி ராஜ உபசாரம் பண்ணின செடி.

கீழ இருக்கறவங்க கிழங்கை ஈரப் பாசியில சுத்தி ஃப்ரிட்ஜ்ல காய்கறி டப்பாவுல ரெண்டு மூணு மாசம் வச்சு எடுத்து நடலாம், பூக்கும். ஆனா ஒவ்வொரு வருஷமும் செய்யணும், வீட்டுல சண்டையும் வரும். அதோட அது விஷக் கிழங்கு, சாப்பாட்டு சாமான் பக்கத்துல வைக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

அடுத்தது யாரும் முன்னாடியே சொல்லாத விஷயம், நம்ம வீட்டுத் தோட்டத்துல இது மே மாசம் பூக்காதுங்க. அங்க மே மாசம் வசந்தம், நமக்கு மே மாசம் குளிர் ஆரம்பம், அதனால இந்த செடி நம்ம கணக்குக்கு திரும்பிட்டா செப்டம்பர் கடைசியில முளைச்சு அக்டோபர் வாக்குல தான் பூக்கும். மே ஒண்ணுக்கு சொந்தத் தோட்டத்துப் பூவை கொடுக்கணும்ங்கற ஆசையில வாங்குறீங்கன்னா வேண்டாம். வியாபாரிங்க கிழங்கை ஜீரோவுக்குக் கீழ உறைய வச்சு வேணுங்கற நேரத்துல எழுப்புவாங்க, நானும் குளிர்காலத்துல தோண்டி எடுத்து மார்ச் வரைக்கும் ஃப்ரிட்ஜ்ல வச்சுப் பார்த்தேன், பாதிக்கு மேல பூஞ்சை பிடிச்சுது.

திரும்பறதுக்கும் டைம் எடுக்கும். மே மாசம் பூத்து முடிச்ச செடியை நட்டா, அதே வருஷம் அக்டோபர்ல ரெண்டு இலை வந்தாலே பெரிய விஷயம், பூவெல்லாம் எதிர்பார்க்காதீங்க. எனக்கு மூணாவது வசந்தத்துல தான் காம்பு ஒழுங்கா வந்துச்சு. மொட்டு வெளிய எட்டிப் பாக்கும்போதே தெரிஞ்சுடும், குண்டா மழுங்கலா இருந்தா பூ, ஒல்லியா கூரா இருந்தா வெறும் இலை.

இடம் வீட்டுக்குத் தெற்குப் பக்கம், நமக்கு வெயில் வடக்கேருந்து வர்றதால அங்க நிழல். மண்ணு எரிமலை மண்ணு, லேசா புளிப்புத்தன்மை, அது இதுக்கு ஒத்துக்குது, மக்கின இலையை மேல போட்டுக்கிட்டே இருக்கேன், வேற உரம் பெருசா இல்ல. எதிரி கோடை மழை தான். 2025 பிப்ரவரி 28ல கரான்ஸ் புயல் வந்தப்ப கீழ்ப்பாத்தியில தண்ணி நின்னு அங்க இருந்த கிழங்கு பூரா அழுகிடுச்சு, மேட்டுல இருந்ததுக்கு ஒண்ணும் ஆகல. அதுக்கப்புறம் எல்லாம் மேட்டுப்பாத்தி தான்.

பிடிச்சுக்கிட்டா மண்ணுக்கடியிலயே ஓடிப் பரவுது, அதனால அடி வெட்டின பிளாஸ்டிக் வாளியைப் புதைச்சு அதுக்குள்ள வச்சிருக்கேன். வெளியேருந்து வந்து பரவின கோயாவியே, லோங்கோஸ் செடிங்க இந்தத் தீவுக் காட்டை என்ன பண்ணி வச்சிருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், தேசியப் பூங்கா எல்லை நமக்கு கூப்பிடு தூரம், தோட்டக் குப்பைன்னு காட்டோரம் கொட்டிடாதீங்க.

இப்ப முக்கியமானது, விஷம். இலை, பூ, கிழங்கு, அப்புறம் வர்ற சிவப்புப் பழம் எல்லாமே இதயத்தைப் பிடிக்கற விஷம், கோன்வல்லாடாக்சின்னு பேரு. பூவை வச்ச குவளைத் தண்ணி கூட விஷம், பூனை நாய் நக்கிடாம பார்க்கணும், குழந்தை இருக்கற வீட்டுல காயாகறதுக்கு முன்னாடியே காம்பை நறுக்கிடுங்க. நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் தோட்டத்துல கையை விட்டு நாலு விதம் ப்ரேட், அதான் கீரை, பறிச்சு பூய்யோன்னு தண்ணியா சாறு வைக்கற பழக்கம் இருக்குல்ல, அதான் எனக்கு பயமே. அகல இலை, பச்சைப்பசேல்னு, பார்க்க கீரை மாதிரியே இருக்கும், சமைச்சாலும் விஷம் போகாது. கீரைப் பாத்தி ஒரு பக்கம்னா இது வீட்டுக்கு மறுபக்கம். எங்க மாமியார் முருகனுக்கு சாத்தணும்னாங்க, தாராளமா சாத்துங்க அத்தை, ஆனா தீர்த்தச் சொம்புல மட்டும் போடாதீங்கன்னு சொல்லிட்டேன், கொஞ்சம் கோச்சுக்கிட்டாங்க.

இவ்வளவு தொல்லைக்கு என்னதான் கிடைக்குதுன்னா, வாசனை. கடையில விக்கற மியூகே சென்ட்ல பெரும்பாலும் இந்தப் பூ கிடையாது, பூவுலேருந்து வழக்கமான முறையில உருப்படியா தைலம் இறக்க முடியாததால அனேகமா எல்லாம் லேப்ல கலந்தது, 1956ல வந்த தியோரிஸ்ஸிமோங்கற பிரபல சென்ட்டும் அப்படித்தான். லிலியால்னு ஒரு செயற்கை வாசனை ரசாயனத்தை வச்சுத்தான் நிறைய கம்பெனி இந்த வாசனையை ஓட்டிக்கிட்டிருந்தாங்க, 2022 மார்ச்சுலேருந்து ஐரோப்பாவுல அழகுப் பொருள்ல அதுக்குத் தடை. நிஜப் பூ வேற மாதிரி, எலுமிச்சை கலந்த மாதிரி ஒரு பச்சை வாசனை, மல்லி மாதிரி தலையைச் சுத்தாது. அக்டோபர்ல ரெண்டு மூணு வாரம், அவ்வளவுதான். என்னைக் கேட்டா அதுக்கே வைக்கலாம், ஆனா மல்லி முல்லை மாதிரி மாசக்கணக்குல பறிக்கலாம்னு நினைச்சு வந்தா ஏமாந்துடுவீங்க.

வாங்கறப்ப வெட்டுக் காம்பு வேண்டாம், வேரோட தொட்டி. ஊருக்குப் போய்ட்டு வர்றப்ப பெட்டியில கிழங்கு கொண்டு வரலாமான்னு கேக்காதீங்க, வெளிய இருந்து செடி கொண்டு வர்றதுக்கு இங்க கெடுபிடி அதிகம், பறிமுதல் பண்ணிடுவாங்க. இந்த ஜூலைல என் வாளியைப் பிரிக்கப் போறேன், மேட்டுல இருக்கறவங்க யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, சும்மாவே தர்றேன். கடலோரக்காரங்க கோச்சுக்காதீங்க, உங்களுக்குத் தரமாட்டேன்.