பாதுகாப்பு அனுமதி வைத்திருப்பவர்களே, கடன் குறைப்பு நிறுவனங்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள்

வடக்கு வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் அரசு ஒப்பந்த நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, அரசின் இரகசியத் தகவல்களைக் கையாள்வதற்கான பாதுகாப்பு அனுமதி பெற்று, அந்த அனுமதியை நம்பியே வீட்டுக் கடனும் எடுத்தவர்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிரெடிட் கார்டு கடனைப் பாதியாகக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் நிறுவனங்களால் யாருக்கும் ஆபத்து உண்டு. பாதுகாப்பு அனுமதி உள்ளவருக்கோ அவை வேலைக்கே உலை வைத்துவிடும். எனக்கு வைத்தன.

என் கணவருக்கு வேலை போன அதே ஆண்டில் கோயம்புத்தூரில் மாமனாருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. ஒற்றைச் சம்பளத்தில் வீட்டையும் மருத்துவச் செலவையும் சமாளித்ததில், நான்கு கார்டுகளின் பாக்கி 31,000 டாலரைத் தொட்டது. வட்டி ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல். ஆனாலும் குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதம்கூடத் தவறவிடாமல் கட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் தொலைபேசி வந்தது. பேசிய இளைஞர் தமிழர். "அக்கா, நீங்கள் ஒழுங்காகக் கட்டுகிற வரைக்கும் எந்த வங்கியும் அசலைக் குறைக்காது. முதலில் கட்டுவதை நிறுத்துங்கள். அந்தப் பணத்தை மாதம் 640 டாலராக எங்கள் கணக்கில் போடுங்கள். நாங்கள் பேசி முடித்துத் தருகிறோம்" என்றார்.

நான் நேரடியாகவே கேட்டேன்: "தம்பி, எனக்குப் பாதுகாப்பு அனுமதி இருக்கிறது. கட்டாமல் விட்டால் அதற்கு ஏதாவது ஆகுமா?"

"அதைப் பத்து வருடத்துக்கு ஒரு முறைதானே அக்கா பார்ப்பார்கள்? அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். திவால் மனு கொடுத்தால்தான் வேலை போகும். அதிலிருந்துதான் உங்களைக் காப்பாற்றுகிறோம்."

இதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. இரகசிய நிலை அனுமதியைப் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மறு ஆய்வு செய்த காலம் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் துறையின் அனுமதி வைத்திருக்கும் அனைவரையும் 2021-ஆம் ஆண்டுக்குள் தொடர் கண்காணிப்புக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கிரெடிட் அறிக்கையில் ஒரு கணக்கின் தவணை நின்றுபோனதாகப் பதிவானால் அந்தத் தகவல் தானாகவே அவர்களைச் சென்றடைகிறது. திவால் மனு கொடுத்தாலே அனுமதி பறிபோகும் என்பதும் பொய். முறையாக நீதிமன்றம் சென்று, காரணத்தை விளக்கி, அனுமதியைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் உண்டு. நான் கேட்ட கேள்விக்கு அந்த நிறுவனத்துக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் விளம்பரம் செய்வதே அரசு வேலையில் இருப்பவர்களைக் குறிவைத்துத்தான்.

கையெழுத்து வாங்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். இப்படித் தொலைபேசியில் ஆள் பிடிக்கும் நிறுவனங்கள், ஒரு கடனையாவது பேசித் தீர்த்து அதில் ஒரு தவணையாவது செலுத்தப்படும் வரை கட்டணம் வாங்கக் கூடாது. மத்திய வர்த்தக ஆணையத்தின் இந்த விதி 2010 அக்டோபர் 27 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் நேரில் சந்தித்து விளக்கிய பிறகு ஒப்பந்தம் போட்டால் அந்தத் தடை பொருந்தாது என்று ஒரு விலக்கும் உண்டு. அந்தச் சந்து வழியாகத்தான் நுழைகிறார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு நோட்டரி அம்மாவை அனுப்பினார்கள். அவர் கட்டுக் காகிதத்தை உணவு மேசையில் விரித்து, எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினார். நான் கேட்ட எதற்கும் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. "கையெழுத்துக்கு மட்டும்தான் நான்" என்றார். சட்டத்தின் கண்ணில் அதுதான் 'நேரில் விளக்கிய சந்திப்பு' என்று பிற்பாடு வாதிட்டார்கள். முதல் சில மாதங்கள் நான் போட்ட பணம் முழுவதும் வழக்கறிஞர் கட்டணம் என்ற பெயரில் அவர்களிடமே போனது. எந்த வங்கிக்கும் ஒரு டாலர்கூடச் சேரவில்லை.

என்னைக் காப்பாற்றியது அலுவலகத்தின் வருடாந்திரப் பயிற்சி. எந்தக் கடனிலாவது 120 நாட்களுக்கு மேல் தவணை தவறினால் அனுமதி வைத்திருப்பவரே அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது 2017 முதல் இருக்கும் விதி. அதைப் படித்ததும் நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மிகவும் நல்ல மனிதர். ஒப்பந்தத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "கடன் இருப்பதைப் பற்றி இங்கே யாரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள். நீங்களே முடிவெடுத்து நிறுத்தியதுபோல் இது இருக்கிறதே, அதுதான் கவலை" என்றார்.

விஷயத்தின் மையம் அவர் சொன்னதில்தான் இருக்கிறது. அனுமதி யாருக்குத் தரலாம் என்பதை 13 நெறிமுறைகளைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். அவற்றில் எஃப் என்ற எழுத்துக்கு உரியது பண விவகாரம். கடனைக் கட்ட முடியாமை ஒரு குறை; கட்ட வசதி இருந்தும் கட்ட மனமில்லாமை அதில் தனியாகச் சொல்லப்பட்ட இன்னொரு குறை. கடன் எத்தனை ஆயிரம் என்பதைவிட, அந்தக் கடனோடு நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதையே எடை போடுகிறார்கள். இப்போது என் வங்கிக் கணக்கைப் பாருங்கள். வங்கிகளுக்குப் பணம் நின்ற மாதத்திலிருந்து, அதே சம்பளத்திலிருந்து, 640 டாலர் வேறொரு நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. கட்ட முடிந்தவள் கட்டவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த நிறுவனம் எனக்கு எதிரான சாட்சியத்தை என் பணத்திலேயே தயாரித்துக் கொடுத்துவிட்டது.

அரசு இதில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதைக் குறை சொல்ல மாட்டேன். தேசியப் பாதுகாப்பு முகமையில் வேலை பார்த்த ரொனால்ட் பெல்டன் 1979-இல் திவாலாகி, அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே இரகசியங்களை விற்க வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குள் நடந்து போனவர். சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985-இல் சோவியத் தரப்பிடம் முதலில் கேட்டது 50,000 டாலர்; அவருக்கும் அப்போது கடன் நெருக்கடி. இப்படிப்பட்டவர்களைப் பார்த்த அமைப்பு, கடனை மறைப்பவரைக் கண்டு பயப்படத்தான் செய்யும். நம்மவர்களிடம் கடனைச் சொல்வதற்கு இருக்கும் கூச்சம் இந்த இடத்தில் பெரிய கேடு. அக்கம்பக்கத்துக்கும் சொந்தக்காரர்களுக்கும் தெரியக் கூடாது என்று மூடி வைக்கும் கடன்தான் மிரட்டுபவனுக்கு வசதியானது.

அதன்பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 180 நாள் கடந்ததும் இரண்டு வங்கிகள் கணக்கை வாராக் கடனாக எழுதிவிட்டன. ஒரு வங்கி வழக்குப் போட்டது. நீதிமன்ற அழைப்பாணையை எங்கள் வாசற்கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். வர்ஜீனியாவில் அப்படி ஒட்டலாம். கடன் குறைப்பு நிறுவனத்தை அழைத்தால், வழக்கில் ஆஜராவது அவர்கள் ஒப்பந்தத்தில் இல்லையாம். அவர்கள் தீர்த்துவைத்த ஒரே ஒரு கடன் 7,400 டாலர், 4,000-க்கு முடிந்தது. மீதி 3,400 டாலர் என் வருமானம் என்று வங்கி வரித்துறைக்கு எழுதி, எனக்கும் படிவம் அனுப்பியது. 600 டாலர் அல்லது அதற்கு மேல் தள்ளுபடி ஆனால் வங்கி அப்படித் தெரிவித்தாக வேண்டும். இதைப் பற்றி விற்கும்போது யாரும் மூச்சு விடவில்லை. அந்தப் படிவத்தைக் கவனிக்காமல் வரிக் கணக்கில் விட்டிருந்தால் அதே எஃப் நெறிமுறையில் இன்னொரு குற்றச்சாட்டு சேர்ந்திருக்கும்.

கடைசியில் அரசிடமிருந்து காரண அறிக்கை வந்தது. ஒவ்வொரு கடனையும் வரிசையாக எழுதி, ஏன் உங்கள் அனுமதியை ரத்து செய்யக் கூடாது என்று கேட்கும் கடிதம் அது. எழுத்தில் பதில் தர 20 நாள் அவகாசம். நான் வேலை பார்த்த அரசுத் திட்டத்திலிருந்து என்னை விலக்கி, குறைந்த சம்பளத்தில் உள் வேலை ஒன்றுக்கு மாற்றினார்கள். விசாரணையில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்ட முக்கியமான கேள்வி நான் எதிர்பார்த்ததுதான்: அந்த 640 டாலரை ஏன் வங்கிகளுக்குக் கட்டவில்லை?

அதற்குள் நான் அந்த நிறுவனத்தை விட்டு விலகி, லாப நோக்கமற்ற கடன் ஆலோசனை மையம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். அவர்கள் அசலில் கை வைக்கவில்லை. வட்டியைக் குறைக்கச் செய்து, முழுத் தொகையையும் தவணையாகக் கட்டும் திட்டம் போட்டுத் தந்தார்கள். மாதக் கட்டணம் சொற்பம். வழக்குப் போட்ட வங்கியுடன் நானே பேசித் தவணை எழுதிக்கொண்டேன். கணவரின் பணிநீக்கக் கடிதம், மருத்துவமனை ரசீதுகள், நிறுவனத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்து, புதிய தவணைகளின் ரசீதுகள் எல்லாவற்றையும் நீதிபதியிடம் கொடுத்தேன். வேலை இழப்பு, எதிர்பாராத மருத்துவச் செலவு போன்றவற்றால் கடன் வந்து, அதன்பிறகு பொறுப்போடு நடந்திருந்தால் அதையும், நம்பத்தக்க ஆலோசனை பெற்றிருந்தால் அதையும் சாதகமாக எடுத்துக்கொள்ள அதே நெறிமுறையில் இடமிருக்கிறது. தீர்ப்பு எனக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால் அலுவலகத்தில் அந்த அரசுத் திட்டத்தில் என் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. சம்பளம் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை.

பாதுகாப்பு விண்ணப்பப் படிவமான எஸ்எஃப்-86-இன் 26-ஆம் பிரிவு, கடன் ஆலோசனை பெறுகிறீர்களா என்று கேட்கிறது. அதைப் பார்த்துவிட்டே ஆலோசனைக்குப் போகப் பயப்படுபவர்களைச் சந்தித்திருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை, ஆம் என்று எழுதுவதால் கெடுதல் வராது. பொய்யாக இல்லை என்று எழுதுவதுதான் குற்றம். காலாவதியான கடன்தானே, இனி வழக்குப் போட முடியாது என்று சொல்லும் அறிவுரையையும் நம்பாதீர்கள். வர்ஜீனியாவில் எழுத்து ஒப்பந்தத்துக்கு ஐந்து ஆண்டுதான் கெடு. ஆனால் கெடு கடந்ததைக் காட்டித் தப்பிப்பதை அனுமதி விசாரணையில் நல்லெண்ண முயற்சியாக ஏற்பதில்லை. சந்தேகம் இருந்தால் பெயர்களை நீக்கி வெளியிடப்படும் பழைய அனுமதி விசாரணைத் தீர்ப்புகளை வாசியுங்கள். இனிமேல் கட்டுகிறேன் என்ற வாக்குறுதிக்கு அங்கே மதிப்பே இல்லை. கட்டிய ரசீதுகளைத்தான் பார்க்கிறார்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டீர்களா? இன்றே எழுத்தில் விலகல் கடிதம் அனுப்புங்கள். தொலைபேசி வழியாகச் சேர்த்த வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் அபராதமின்றி விலகலாம். சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்தில், அவர்கள் முறைப்படி ஈட்டிய கட்டணம் போக மீதியை ஏழு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அந்த 2010 விதியே சொல்கிறது. தராமல் இழுத்தால் மத்திய வர்த்தக ஆணையத்திலும், நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பிலும், உங்கள் மாநிலத் தலைமை வழக்கறிஞரிடமும் புகார் கொடுங்கள். நான் மூன்று இடத்திலும் கொடுத்தேன். நேரில் விளக்கியதாக அவர்கள் சொன்ன அந்தச் சந்திப்பு உண்மையில் எப்படி நடந்தது என்பதை விவரமாக எழுதினேன். அதன்பிறகுதான் என் பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பி வந்தது. புகாரின் நகலைப் பாதுகாப்பு அலுவலரிடமும் கொடுத்து வையுங்கள்.