சைபர் பாதுகாப்புக்கு யாரைக் கூப்பிடுவது: தன்னார்வப் போலீஸா, ஐடி கம்பெனியா, சான்றிதழா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் ஒரு சிறு நிறுவனம் சைபர் பாதுகாப்புக்கு உதவி தேடினால் நான்கு வழிகள் கண்ணில் படும்: போலீஸின் தன்னார்வலர், வட்டார சைபர் ரெசிலியன்ஸ் சென்டர், மாதக் கட்டணம் வாங்கும் ஐடி கம்பெனி, அரசின் சைபர் எசென்ஷியல்ஸ் சான்றிதழ். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ஒரே வேலைதான் என்று தோன்றும். அப்படியில்லை. எதை முதலில் பிடிப்பது என்று தெரியாமல்தான் பலர் காசை விடுகிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றால் தன்னார்வலரிடம் தொடங்குங்கள். ஆனால் அவரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

தன்னார்வலர்களில் இரண்டு வகை உண்டு. ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்பவர் சம்பளம் வாங்காத போலீஸ்காரர். சீருடை, கைது செய்யும் அதிகாரம் எல்லாம் முழுநேரக் கான்ஸ்டபிளுக்கு இருப்பதுபோலவே அவருக்கும் உண்டு. மாதத்துக்குக் குறைந்தது 16 மணி நேரம் தருவார் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இன்னொருவர் போலீஸ் சப்போர்ட் வாலன்டியர். அவருக்குக் கைது அதிகாரம் கிடையாது. கணினித் துறையில் பிழைப்பு நடத்துகிறவர்களை இந்த இரண்டு வழியிலும் சேர்த்துக்கொண்டு, சைபர் குற்றப் பிரிவுக்குத் துணையாகப் பயன்படுத்துகிறார்கள். உங்களுக்கு ஆலோசனை சொல்ல வருகிறவர் எந்த வகை என்பது பெரிய விஷயமில்லை. அவர் பகலில் என்ன வேலை பார்க்கிறார் என்பதுதான் விஷயம்.

இவர்களால் என்ன லாபம்? பிரிட்டன் அரசின் 2025 கணக்கெடுப்பில், முந்தைய 12 மாதங்களில் தாக்குதலோ ஊடுருவலோ நடந்ததாகச் சொன்ன நிறுவனங்கள் 43 சதவீதம். அவற்றில் 85 சதவீதம் சந்தித்தது ஃபிஷிங், அதாவது நம்பகமானவர்போல் அஞ்சல் அனுப்பி ஏமாற்றுவது. பூட்டை உடைத்து வருகிறவனைவிட, கதவைத் தட்டி நம்ப வைத்து உள்ளே வருகிறவன்தான் அதிகம். அதற்கு விலை உயர்ந்த கருவியைவிட, பக்கத்தில் உட்கார்ந்து காட்டித் தருகிற ஆள்தான் முதலில் தேவை.

ஓர் உதாரணம். வழக்கமாகச் சரக்கு அனுப்பும் சப்ளையரிடமிருந்து ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் கட்டுங்கள்’ என்று மின்னஞ்சல் வருகிறது. பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவே வருகிறது, இன்வாய்ஸ் எண்கூடச் சரியாக இருக்கிறது. இரண்டு பக்கத்தில் யாரோ ஒருவருடைய அஞ்சல் பெட்டிக்குள் மோசடிக்காரன் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கலாம். விஷயம் தெரிந்தவர் வந்தால் அஞ்சல் பெட்டியின் அமைப்புகளைத் திறந்து, ‘ரூல்ஸ்’ பகுதியைப் பார்க்கச் சொல்வார். ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் வரும் அஞ்சலையெல்லாம் வெளி முகவரிக்கு அனுப்பிவிட்டு, இங்கே யாரும் எட்டிப் பார்க்காத கோப்புறைக்குள் தள்ளிவிடும் ஒரு விதி அங்கே இருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் இந்த விதி தானாகப் போகாது. அதை அழித்துவிட்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, கணக்கு எண் மாறினால் ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் கட்டக் கூடாது என்று ஊழியர்களிடம் சொல்ல வேண்டும். செலவு ஒன்றுமில்லை. ஐடி கம்பெனியின் விலைப்பட்டியலில் பெரும்பாலும் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

உங்களிடம் விற்க அவரிடம் எந்தப் பொருளும் இல்லை என்பதுதான் தன்னார்வலரின் பெரிய பலம். ‘என் கம்பெனியே இதைச் செய்யும்’ என்று விசிட்டிங் கார்டை நீட்டினால், சந்தேகப்பட வேண்டியதுதான்.

பலவீனங்களும் பெரியவை. அவர் உங்கள் ரவுட்டரை மாற்றித் தர மாட்டார், பேக்கப் எடுத்துத் தர மாட்டார், திங்கள்கிழமை காலை கணினி முடங்கினால் ஓடி வர மாட்டார். இங்கிலாந்து, வேல்ஸில் வட்டாரப் போலீஸ் படைகள் 43. எல்லா இடத்திலும் ஒரே அளவுக்கு ஆள் கிடைப்பதில்லை. அப்புறம், போலீஸை உள்ளே விட்டுக் கணினியைக் காட்டுவதா என்ற தயக்கம். இதை யாரும் வெளியே சொல்வதில்லை, ஆனால் காசு கட்டாத மென்பொருள் வைத்திருப்பவர்கள் பலருக்கும் இருக்கும். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் உண்மையிலேயே போலீஸ்காரர், அதை மறக்க வேண்டாம். அவர் வருவதற்கு முன் அந்த மென்பொருளைத் தூக்கிவிடுவது எப்படியும் நல்லது, அதற்கு அப்டேட்டும் வராது.

போலீஸ் என்று சொல்லிக்கொண்டு மோசடிக்காரனும் கூப்பிடலாம். அழைப்பைத் துண்டித்துவிட்டு, அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸ் எண் 101-இல் விசாரியுங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் அவர் போலீஸ் இல்லை.

சைபர் ரெசிலியன்ஸ் சென்டர்கள் இதற்கு அடுத்த படி. போலீஸ் தலைமையில் லாப நோக்கமில்லாமல் வட்டாரவாரியாக நடப்பவை. அடிப்படை உறுப்பினராவதற்குக் கட்டணமில்லை. சைபர் பாத் என்ற திட்டத்தில், பல்கலைக்கழக மாணவர்கள் அனுபவசாலிகளின் மேற்பார்வையில் இணையதளச் சோதனை, ஊழியர் பயிற்சி போன்றவற்றைச் செய்கிறார்கள். சோதனை யார் செய்தாலும் எழுத்தில் அனுமதி கொடுத்துவிட்டுத் தொடங்க வேண்டும். 1990-ஆம் ஆண்டின் கணினித் துஷ்பிரயோகச் சட்டப்படி, அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது குற்றம். நல்லெண்ணம் என்பது அங்கே செல்லாது.

ஐடி கம்பெனிக்கு இருக்கும் மரியாதை ஒரே காரணத்துக்காக: கையை வைத்து வேலை செய்கிறவர்கள் அவர்கள்தான். ஆனால் தாங்கள் அமைத்ததைத் தாங்களே சோதித்து ‘எல்லாம் சரி’ என்று சொல்கிறவர்களும் அவர்கள்தான். நான் இரண்டே கேள்வி கேட்பேன். டொமைனும் (இணையதள முகவரி) எல்லாவற்றையும் மாற்றும் அதிகாரமுள்ள அட்மின் கணக்கும் யார் பெயரில் இருக்கின்றன? பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துக் காட்டியது எப்போது? இரண்டாவதற்கு மழுப்பல் பதில் வந்தால், மாதக் கட்டணம் எதற்கு என்று யோசிக்கலாம்.

சைபர் எசென்ஷியல்ஸ் 2014-இல் வந்தது. இணையத்திலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வால், பாதுகாப்பான அமைப்பு, யாருக்கு என்ன அனுமதி, தீம்பொருள் தடுப்பு, அப்டேட் என ஐந்து கட்டுப்பாடுகள். ஒன்பது பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு 320 பவுண்டு, அதன்மேல் வாட் வரி. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். அடிப்படை நிலையில் கேள்வித்தாளை நீங்களே நிரப்புகிறீர்கள், மதிப்பீட்டாளர் பார்க்கிறார். ‘பிளஸ்’ நிலையில்தான் கணினிகளை ஆள் வந்து சோதிப்பார். முக்கியமான அப்டேட்டுகளை 14 நாளுக்குள் போட வேண்டும் என்ற விதியில்தான் பலர் தடுக்கி விழுவார்கள். முதலாளி கம்பெனி அஞ்சல் பார்க்கும் பழைய போன் ஒன்று போதும், அதற்குத் தயாரிப்பாளர் அப்டேட் நிறுத்தியிருந்தால் தேர்ச்சி கிடையாது. முழு நிறுவனத்துக்கும் சான்று வாங்கினால், ஆண்டு விற்றுமுதல் 2 கோடி பவுண்டுக்குக் கீழே உள்ள பிரிட்டன் நிறுவனங்களுக்கு 25,000 பவுண்டு வரை சைபர் காப்பீடு கூடவே கிடைக்கும். அரசு ஒப்பந்தங்கள் சிலவற்றுக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயம். அப்படி எதுவும் இல்லையென்றால் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். தன்னார்வலர் சொன்னதைச் செய்துமுடித்தபின் விண்ணப்பித்தால் பாதி கேள்விகளுக்குப் பதில் கையில் இருக்கும்.

தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது இந்த நால்வரில் ஐடி கம்பெனியை மட்டும் கூப்பிடுங்கள். கூடவே தேசிய மோசடிப் புகார் சேவையின் 0300 123 2040 எண்ணையும். வணிக நிறுவனங்கள் நடந்துகொண்டிருக்கும் தாக்குதலை அங்கே 24 மணி நேரமும் சொல்லலாம். வாடிக்கையாளர்களின் தகவல் வெளியே போய், அதனால் அவர்களுக்குப் பாதிப்பு வரக்கூடும் என்றால், தெரியவந்த 72 மணி நேரத்துக்குள், தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். போலீஸிடம் சொல்லிவிட்டதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது, ஐடி கம்பெனியிடம் சொல்லிவிட்டதாலும் தீராது.