குவெஞ்சிங் சிமுலேஷன் மென்பொருள்: எல்லாம் சரி, அந்த அட்டவணையைத் தவிர

திருநெல்வேலி பேட்டையில் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை நடத்தும் அண்ணாச்சி ஒருவர், சூடாக்கிய எஃகை ஆயிலில் முக்கிக் குளிர்விப்பதை (குவெஞ்சிங்) முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டும் இந்த மென்பொருளின் ஆண்டு லைசென்ஸ் விலை இறங்கியிருக்கிறதே, எடுக்கலாமா என்று கேட்டார். மெஷ், மெட்டீரியல் நூலகம், மெனு பற்றியெல்லாம் விளம்பரத் தாளிலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

சூடான எஃகின் உள்ளமைப்பான ஆஸ்டினைட், மெதுவாகக் குளிர்ந்தால் மென்மையான பெர்லைட்டாகவும், வேகமாகக் குளிர்ந்தால் கடினமான மார்டென்சைட்டாகவும் மாறும். பெர்லைட்டாக மாறுவதை இது, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு பங்கு மாறும் என்று சொல்லும் அவ்ராமி சமன்பாட்டைக் கொண்டு கணக்கிடுகிறது. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் அடுக்கு எண், வேக மாறிலி என்று இரண்டு மதிப்புகளை நாம்தான் அட்டவணையில் நிரப்ப வேண்டும். எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரத்தில் மாற்றம் நடக்கும் என்று காட்டும் டிடிடி வரைபடத்தில் 1 சதவீதம் மாறும் நேரத்தையும் 99 சதவீதம் மாறும் நேரத்தையும் படித்துக்கொள்ளுங்கள். முடிவு நேரத்தைத் தொடக்க நேரத்தால் வகுத்து, அதன் இயல் மடக்கையால் 6.127-ஐ வகுத்தால் அடுக்கு எண் வரும். தொடக்க நேரத்தை அந்த அடுக்குக்கு உயர்த்தி, வந்த எண்ணால் 0.01005-ஐ வகுத்தால் வேக மாறிலி. இதுவரை ஒரு குறையும் இல்லை.

இரண்டு வரிசைகளுக்கு நடுவிலுள்ள வெப்பநிலைக்கு மென்பொருள் என்ன செய்கிறது என்று பாருங்கள். வேக மாறிலியை நேர்கோட்டில் இழுத்து நிரப்புகிறது! பத்தின் அடுக்குகளில் தாவுகிற ஒரு எண்ணை இப்படி நிரப்பலாமா? 550 டிகிரியில் தொடக்கம் 1 வினாடி, 650 டிகிரியில் 20 வினாடி, இரண்டிலும் முடிவு நேரம் அதைப்போல் பத்து மடங்கு என்று வையுங்கள். அடுக்கு எண் 2.66. வேக மாறிலி முதலாவதில் 0.01, இரண்டாவதில் 0.0000035. நடுவே 600 டிகிரிக்கு நேர்கோடு தருவது 0.005. அதாவது 1.3 வினாடியிலேயே பெர்லைட் தொடங்கிவிடும். மடக்கையில் இழுத்தால் 4.5 வினாடி. மூன்று மடங்குக்கு மேல் பிழை, ஒரு எச்சரிக்கை வரி கூட வராது.

அதோடு நிற்பதும் இல்லை. பொய்யாகப் பிறந்த அந்தப் பெர்லைட் கிலோவுக்குச் சுமார் 80 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தை வெளிவிடும். ஷாஃப்ட்டின் நடுவில் அந்தச் சூடு சட்டென்று வெளியேறாது, குளிர்தல் வளைகோடு படுத்துவிடும், மாற்றத்தோடு வரும் விரிவும் தவறான நேரத்தில் விழும். கடைசியில் ஷாஃப்ட் எந்தப் பக்கம் கோணும் என்பதே மாறிப்போகலாம். அறுத்துப் பார்த்தால் நடுவில் மார்டென்சைட், திரையிலோ பெர்லைட். ஆயிலையும் ஃபர்னஸையும் குறைசொல்லிப் பயனில்லை.

வழி உண்டு. எக்செலில் வேக மாறிலியின் மடக்கையை எடுத்து நேர்கோட்டில் நிரப்பி, திரும்ப எண்ணாக்கி, 10 டிகிரிக்கு ஒரு வரிசை கொடுங்கள். மேலே சொன்ன எஃகில் நேரப் பிழை 3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அடுக்கு எண்ணும் வெப்பநிலையோடு மாறினால், தொடக்க, முடிவு நேரங்களின் மடக்கையை நிரப்பி ஒவ்வொரு வரிசைக்கும் புதிதாகக் கணக்கிடுவதே முறை. அடுக்கு எண் மாறும்போது வேக மாறிலியின் அலகே மாறுகிறதே! எஃகை மாற்றும்போதெல்லாம் இந்த வேலையைச் செய்ய வேண்டும். காசு வாங்குகிற மென்பொருள் செய்ய வேண்டிய வேலை இது.

நியாயமாகச் சொன்னால் மற்றதெல்லாம் அருமை. தொடர்ந்து குளிரும்போது, ஒவ்வொரு வெப்பநிலையிலும் கழிந்த நேரத்தின் பங்கைக் கூட்டிக்கொண்டு போகும் ஷைல் கூட்டல் விதியை ஒழுங்காகக் கையாளுகிறது. உள்ளுறை வெப்பம் நாம் கேட்காமலே கணக்கில் சேரும். மாற்றம் நடக்கும்போது சிறு தகைவிலும் எஃகு நிரந்தரமாக வடிவம் மாறும் நிலைமாற்ற நெகிழ்வுக்கு ஒரு டிக் இருக்கிறது, அதை எடுத்துவிடாதீர்கள், குளிர்ந்த பிறகு உள்ளே எஞ்சிய தகைவு தலைகீழாகிவிடக்கூடும். மார்டென்சைட் தொடங்கும் எம்எஸ் வெப்பநிலையை நெருங்கும்போது, எந்தப் புள்ளியும் ஒரு ஸ்டெப்பில் 5 டிகிரிக்கு மேல் குளிராதபடி வரம்பு போடும் வசதி எனக்கு மிகவும் பிடித்தது.

நம் ஊருக்கென்று ஒன்று: இறுதி வெப்பநிலை 20 டிகிரி என்றுதான் உள்ளே இருக்கும். சித்திரை, வைகாசியில் நெல்லைப் பட்டறைக்குள் 38 என்று போடுங்கள். பணகுடி, கயத்தாறு பக்கம் காற்றாலைகளுக்குப் போகும் கார்பரைஸ் செய்த (மேல்தோலில் கார்பன் ஏற்றிய) பினியன் பற்சக்கரத்தில், மேல்தோலின் எம்எஸ் 150 டிகிரி என்றால், எம்எஸ்ஸுக்குக் கீழே எவ்வளவு குளிர்ந்தது என்பதை வைத்து மார்டென்சைட்டைச் சொல்லும் கோய்ஸ்டினன்–மார்பர்கர் கணக்குப்படி, மாறாமல் எஞ்சும் ஆஸ்டினைட் 20 டிகிரியில் 24 சதவீதம், 38 டிகிரியில் 29. கடினத்தன்மையில் இது தெரியும். ஆயிலுக்கு மாறாத ஒரே வெப்பப் பரிமாற்ற எண்ணைப் போடவும் வேண்டாம். ஆவிப்படலம், கொதிப்பு, வெப்பச்சலனம் என்று மூன்று கட்டமும் அதில் தெரிய வேண்டும். ஐஎஸ்ஓ 9950 தரமுறையின் புரோபில் (வெப்பமானி பொருத்திய சோதனைக் கம்பி) எடுத்த குளிர்தல் வளைகோட்டை ஆயில் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

இத்தனை சொன்ன பிறகும், அண்ணாச்சி, இந்த விலைக்கும் வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு புதிய பதிப்பிலும் திரையின் நிறம் மாறுகிறது, அந்த அட்டவணை அப்படியே இருக்கிறது. டெமோவுக்கு ஆள் வந்தால் மேலே சொன்ன இரண்டு வரிசைகளை மட்டும் கொடுத்து, 600 டிகிரியில் நிறுத்தி வைத்து ஓட்டச் சொல்லுங்கள். 1 சதவீதம் 4.5 வினாடியில் வந்தால் அன்றைக்கே எடுத்துவிடலாம். 1.3 வந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.