வேலூரில் அம்மாவுக்கு எடுத்த டெக்ஸா ஸ்கேன்: ஸ்கேன் சரி, ரிப்போர்ட் கொடுத்த விதம்தான்...

போன மாதம் அம்மா கொசப்பேட்டை வீட்டு வாசலில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. நின்றபடி விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பார்த்தே ஆகவேண்டும் என்று மாவுக்கட்டு போட்ட டாக்டர் எழுதிக் கொடுத்தார். காட்பாடி ரோடு பக்கம் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம்.

முதலில் நல்லது. கால்சியம் மாத்திரை போட்டுக்கொண்டு வராதீர்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். படுத்தால் கால் மணி நேரம், வலியே இல்லை, கதிர்வீச்சு மார்பு எக்ஸ்ரேயை விடக் குறைவு. தாலிச் சங்கிலியைக் கழற்ற மாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடிக்க, டெக்னீஷியன் பெண், "கழற்ற வேணாம்மா, தோள் பக்கம் தள்ளி விட்டுக்குங்க, புடவை ஊக்கை மட்டும் எடுத்துடுங்க" என்றார். இதற்கே ஒரு ஸ்டார் கூடப் போடலாம்.

அப்புறம் ரிப்போர்ட். டி ஸ்கோர் (இளவயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு) மைனஸ் 2.8. மைனஸ் 2.5-க்கு வந்தாலே ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய்தான், ஆனால் அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை, கவரை நீட்டிய கையோடு கவுன்ட்டரில் அடுக்கியிருந்த கால்சியம் டப்பாவைக் காட்டுகிறார்கள். தினமும் பால், வாரத்தில் நாலு நாள் கேழ்வரகுக் களி என்று இருக்கிற அம்மாவுக்கு ஒரே குழப்பம்.

விஷயம் டாக்டரிடம்தான் புரிந்தது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் செல்கள் இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். என்ற சைட்டோகைன்களை, அதாவது செல்களுக்கிடையே சேதி சொல்லும் புரதங்களைச் சுரக்கின்றன. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அந்தச் சுரப்பு அடக்கமாக இருக்கிறது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, பிடி தளர்ந்து சைட்டோகைன் ஏற, எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பெருகுகின்றன, புதிதாகக் கட்டும் செல்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. வீட்டுக்கு வந்து தேடினால், 1992-லேயே எலிகளில் பார்த்திருக்கிறார்கள்: சூலகத்தை எடுத்ததும் ஆஸ்டியோகிளாஸ்ட் கூடியது, ஈஸ்ட்ரோஜனோ இன்டர்லூகின்-6-ஐ முடக்கும் ஆன்டிபாடியோ கொடுத்தபோது கூடவில்லை. கால்சியம் வேண்டாம் என்றில்லை, ஆனால் இடிக்கிற ஆள் கூடிப்போன வீட்டுக்கு வெறும் செங்கலை இறக்கி என்ன செய்வது!

இப்போது அம்மாவுக்கு வாரம் ஒரு அலெண்ட்ரோனேட், எலும்பு அரிப்பைக் குறைக்கும் மாத்திரை, 70 மி.கி. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக்கூடாது, காபியும் கிடையாது. அந்தக் காபிக்காக எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கும் சண்டையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வண்டி நிறுத்த இடமில்லை, ஆட்டோவில் போய்விடுங்கள். ஐந்துக்கு மூன்று ஸ்டார். கோபம் இருந்தாலும் அடுத்த ஸ்கேனுக்கும் அங்கேதான் போகவேண்டும், அதே மெஷினில் எடுத்தால்தான் இரண்டு ரிப்போர்ட்டையும் ஒப்பிட முடியுமாம்.