டெல்மிசார்டனா, அம்லோடிபினா? கிரியாட்டினின் ஏறுவதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள்

டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரையை ஆரம்பித்து மூன்று வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால், கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.1-லிருந்து 1.3-க்கு வந்திருக்கலாம். மாத்திரை கிட்னியைக் கெடுக்கிறது என்று வீட்டில் பயந்து, இன்னொரு பிரஷர் மாத்திரையான அம்லோடிபினுக்கு மாற்றச் சொல்லிக் கேட்பார்கள். மாற்றியதும் அடுத்த ரிப்போர்ட் மறுபடி 1.1. எல்லோருக்கும் நிம்மதி. அந்த நோயாளிக்குச் சர்க்கரை நோயும் சிறுநீரில் புரதக் கசிவும் இருந்தால், நல்லது செய்துகொண்டிருந்த மருந்தை நிறுத்திவிட்டோம் என்று அர்த்தம்.

சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிக்கும் நுண்ணிய முடிச்சு ஒவ்வொன்றுக்கும் உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியே போகும் குழாய் ஒன்று. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வெளியேறும் குழாயை அதிகம் இறுக்கும். அதனால் முடிச்சுக்குள் அழுத்தம் கூடும். டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற சார்டன்களும், எனலாபிரில், ராமிபிரில் போன்ற பிரில்களும் இந்த இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. உள்ளழுத்தம் குறைகிறது, புரதக் கசிவு குறைகிறது. கூடவே வடிகட்டும் அளவும் கொஞ்சம் குறைவதால் கிரியாட்டினின் சற்று ஏறுகிறது. மருந்து வேலை செய்வதன் அடையாளமே இந்த ஏற்றம். அம்லோடிபின் பெரும்பாலும் உள்ளே வரும் குழாயைத்தான் விரிக்கிறது. கையில் பார்க்கும் பிரஷர் இறங்கும். முடிச்சுக்குள் இருக்கும் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்காது. கிரியாட்டினின் அசையாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

2001-ல் வெளியான ஐடிஎன்டி ஆய்வு இதை நேருக்கு நேர் சோதித்தது. இரண்டாம் வகை சர்க்கரை நோயும் புரதக் கசிவும் உள்ளவர்களுக்கு இர்பெசார்டன், அம்லோடிபின், வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். முதல் இரண்டும் பிரஷரை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைத்தன. ஆனால் கிரியாட்டினின் இரட்டிப்பாவது, டயாலிசிஸ் நிலைக்குப் போவது, இறப்பு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது இர்பெசார்டன் குழுவில் ஆபத்து வெற்று மாத்திரைக் குழுவைவிட சுமார் 20 சதவீதம் குறைந்தது. அம்லோடிபின் குழு வெற்று மாத்திரைக் குழுவை ஒட்டியே இருந்தது.

இதை வைத்து அம்லோடிபின் மட்டம் என்று சொல்லக் கூடாது. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இல்லை, சர்க்கரை நோயும் இல்லை என்றால் சார்டனுக்குத் தனி முன்னுரிமை கிடையாது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வழியில்லாத முதியவருக்கு அம்லோடிபின்தான் பாதுகாப்பு. கர்ப்பமாக இருப்பவர்களுக்குச் சார்டனும் பிரிலும் கூடவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். எனவே மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய பரிசோதனை, சிறுநீர் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மி.கி-க்குக் கீழ் என்றால் இரண்டில் எதுவும் சரி. 300-ஐத் தாண்டினால் சார்டன் அல்லது பிரில்தான் முதலில். இடையில் இருந்தால், முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, தராசு அதே பக்கம்தான் சாயும்.

அம்லோடிபினில் வரும் தொல்லை கால் வீக்கம். 5 மி.கி-யைவிட 10 மி.கி-யில் அதிகம். கால் வீங்கினாலே கிட்னி போய்விட்டது என்று பயப்படுகிறார்கள். மருந்தால் வரும் வீக்கம் என்றால் அது நுண்குழாய்களிலிருந்து நீர் கசிவது. உடம்பில் உப்பும் நீரும் தேங்கியதல்ல. ஆகவே நீர் மாத்திரைக்கு அது சரியாக மசியாது. வீக்கத்துக்கென்று நீர் மாத்திரை சேர்த்து, அதனால் நீர்ச்சத்து வற்றி, கடைசியில் கிரியாட்டினின் நிஜமாகவே ஏறுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அளவைப் பாதியாக்குவது, கூடவே சார்டன் சேர்ப்பது, அல்லது அதே வகையைச் சேர்ந்த சில்னிடிபினுக்கு மாறுவது ஆகியவைதான் சரியான வழிகள். முகமும் வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், மூச்சு வாங்கினால் மட்டும் அது வேறு கதை. உடனே பரிசோதிக்க வேண்டும்.

டெல்மிசார்டனுக்கு வேறு கணக்கு. அது பொட்டாசியத்தையும் ஏற்றும் என்பதால், ஆரம்பிக்கும் முன் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். ஆரம்பித்து 2 முதல் 4 வாரத்துக்குள் மறுபடி, அதே லேபில். அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் இதே முறை. முந்தைய நாள் இரவு மட்டன், சிக்கன் வேண்டாம். அதுவே கிரியாட்டினினைத் தூக்கிக் காட்டும். பழைய அளவிலிருந்து 30 சதவீதத்துக்குள் ஏறினால், அதாவது 1.0 என்பது 1.3 வரை போனால், மருந்தைத் தொடரலாம். அதற்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும்: வாந்தி பேதியா, வலி மாத்திரையா, இரண்டு சிறுநீரகத் தமனிகளிலும் அடைப்பா. பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் டாக்டரை அன்றே கேளுங்கள். 6-ஐத் தொட்டால் இசிஜி எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி இறுக்கி மூடினாலும், ரத்த அணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். ஆனால் அது மறுபரிசோதனையில்தான் தெரியும்.

சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்குச் சமையலறையிலும் ஆபத்து உண்டு. 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சார்டன் சாப்பிடும் இவர்களுக்கு அது வேண்டாம். இளநீரிலும் பொட்டாசியம் உண்டு, தினமும் குடிக்கும் வழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிரிலும் சார்டனும் ஏறக்குறைய ஒரே பாதுகாப்பைத் தருகின்றன. பிரிலில் வறட்டு இருமல் வந்தால் சார்டனுக்கு மாறலாம். இரண்டையும் சேர்த்து மட்டும் வேண்டாம்: 2008-ல் டெல்மிசார்டனையும் ராமிபிரிலையும் ஒன்றாகக் கொடுத்த ஆன்டார்கெட் ஆய்வில் புரதம் குறைந்தது, டயாலிசிஸ் போன்ற பாதிப்புகளோ கூடின.

டெல்மிசார்டன் 40-உடன் ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற நீர் மாத்திரை 12.5 சேர்ந்த மாத்திரையைப் பலர் சாப்பிடுகிறார்கள். ஒன்று பொட்டாசியத்தை ஏற்றும், மற்றது இறக்கும், அந்த வகையில் நல்ல ஜோடி. இதோடு முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் சேர்ந்தால்தான் விபரீதம். வலி மாத்திரை உள்ளே வரும் குழாயைச் சுருக்கும், சார்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்தும், நீர் மாத்திரை ரத்தத்தின் அளவையே குறைக்கும். முடிச்சுக்குள் வடிக்கத் தேவையான அழுத்தமே இருக்காது. சில நாளில் கிரியாட்டினின் இரண்டு மடங்காவது இப்படித்தான். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மருந்துக்கடையில் சொல்லுங்கள். வலிக்குப் பாரசிட்டமால் கேளுங்கள். வாந்தி பேதி, கடும் காய்ச்சலில் சாப்பாடு இறங்காத நாட்களில் சார்டனையும் நீர் மாத்திரையையும் நிறுத்திவைக்கலாமா, எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு, மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.